விற்கலாமே என்று சொல்லாதீர்கள்

கையால் வனைந்த கோப்பையில் காபி கொடுத்தால் விருந்தாளி முதலில் அதைத் தூக்கி அடியைப் பார்ப்பார். நீங்களே செய்ததா என்று கேட்பார். ஆமாம் என்றதும் பெரும்பாலும் வருவது, 'நன்றாக இருக்கிறதே, விற்கலாமே' என்பதுதான். நம் ஊரில் கைவேலைக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு இது. கேக் சுடுகிறவருக்கும் ஊறுகாய் போடுகிறவருக்கும் இதே பாராட்டுதான். சென்னையிலும் புதுச்சேரியிலும் கோவையிலும் இன்று வங்கி ஊழியர், மென்பொருள் பொறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பலதரப்பட்டவர்கள் வார இறுதியில் சக்கரத்தின் முன் உட்கார்கிறார்கள். இரண்டாவது மாதத்திலேயே யாராவது ஒருவர் அவர்களிடம் இதைச் சொல்லிவிடுகிறார். ஆறாவது மாதத்தில் சிலர் இன்ஸ்டாகிராமில் கடை திறந்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த வார்த்தை அந்த வேலையின் அடிமண்ணையே உருவிவிடுகிறது என்பது என் கட்சி. பொழுதுபோக்காக வனைபவர் விற்காமல் இருப்பதைக் கூச்சம் என்றோ சோம்பல் என்றோ எண்ண வேண்டியதில்லை. அந்த வேலை ஒழுங்காக நடப்பதற்கான நிபந்தனை அது. பரம்பரையாக மண்ணில் பிழைப்பவருக்கும் அதுவே நல்லது.

ஒரு கோப்பை உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். மண்ணை முதலில் பிசைந்து பதமாக்க வேண்டும். பிறகு சக்கரத்தில் வைத்து, அது ஆட்டமில்லாமல் சுழலும்படி நட்டநடுவில் நிறுத்த வேண்டும். இந்த ஒரு காரியத்திலேயே புதியவர்களுக்கு வாரக்கணக்கில் போய்விடும். கையால் மல்லுக்கட்டினால் மண் இன்னும் திமிறும். முழங்கையைத் தொடையில் ஊன்றி உடம்பை அசையாமல் வைத்தால் அடங்கும். சுவரை எழுப்பும்போது அடியை அழுத்திவிட மறந்தால், காயும்போது அடிப்பாகத்தில் 'எஸ்' எழுத்துப்போல ஒரு விரிசல் விழும். நகம் பட்டால் கீறுகிற, ஆனால் கையில் எடுத்தால் நெளியாத பதம் வரும்வரை காத்திருந்து அடியைச் செதுக்க வேண்டும். கைப்பிடியும் கோப்பையும் ஒரே ஈரத்தில் இல்லாவிட்டால் ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும். பிறகு பல நாள் நிழலில் காய வேண்டும். மழைக்காலமென்றால் இன்னும் கூடுதல். சூளையில் பாண்டம் வெடித்தால் காற்றுக்குமிழைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி, காய்ந்துவிட்டதென்று நாம் நம்பிய மண்ணுக்குள் ஒளிந்திருந்த ஈரம்தான். அது ஆவியாகிச் சுவரைப் பிளக்கிறது. 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரெனப் பருக்கும். குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டினாலும் விரிசல். ஒருமுறை சுட்டு, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்கி, உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் வகையாக இருந்தால் 1,200 டிகிரிக்கு மேல் மறுபடி சுட வேண்டும். இத்தனையும் தாண்டி வெளியே வரும் கோப்பை, வனைந்தபோது இருந்ததைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சிறுத்திருக்கும். பெரிய டம்ளராக நினைத்துச் செய்தது தேநீர்க்கடைக் கிளாஸ் அளவில் கைக்கு வருவது ஆரம்பகாலத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

இந்த வரிசையில் சூளைக்கு முன், சூளைக்குப் பின் என்று ஒரு கோடு இருக்கிறது. சுடாத மண்ணை வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகும். எத்தனை முறை வேண்டுமானாலும். சுட்ட மண் திரும்பாது. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் கீழடியின் ஓடுகளும் நம் காலம்வரை வந்திருப்பதற்கு அதுதான் காரணம். அதனால் ஒரு நல்ல ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முக்கியமான பயிற்சி கம்பியால் அறுப்பது. இப்போதுதான் எழுந்து நிற்கும், பார்க்க அழகான கோப்பையை நேர் நடுவில் இரண்டாக அறுத்து, சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்ப்பது. பிறகு இரண்டு பாதியையும் வாளிக்குள் போடுவது. கையில் வந்ததையெல்லாம் அறுத்துப் பார்த்து மூன்று மாதம் கற்றவர், எல்லாவற்றையும் சுட்டு அலமாரியில் அடுக்கியவரைவிட வெகுதூரம் போயிருப்பார். இருபது கோப்பைக்கு முன்பணம் வாங்கியவர் எதையும் அறுக்க மாட்டார். சற்றே கோணியதும் சுவர் தடித்ததும் 'கைவினைக்கே உரிய அழகு' என்ற அட்டையோடு பெட்டிக்குள் போகும். விலை வந்ததும் முதலில் காணாமல் போவது கெடுத்துப் பார்க்கும் உரிமை. கற்றல் அதோடு நின்றுவிடுகிறது.

கணக்கும் இதற்கு ஒத்துவராது. வாரம் இரண்டு மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குப் பதினாறு மணி நேரம். பிசைவது, வனைவது, செதுக்குவது, கிளேஸ் போடுவது, கழுவித் துடைப்பது எல்லாம் இதற்குள் நடக்க வேண்டும். துடைப்பதும் சின்ன வேலையில்லை. உலர்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குப் போகும் என்பதால், ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால்தான் துடைத்தெடுக்க வேண்டும். இதில் உருப்படியாகத் தேறும் எட்டுப் பத்துக் கோப்பைகளுக்கு மண், மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்து நியாயமான விலை வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கக்கூடிய விலை வைத்தால் தன் உழைப்பைத் தானே இனாமாகக் கொடுத்ததாக ஆகும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். அதன் விளைவு யார் தலையில் விடிகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

விலை இல்லாத வேலைக்கு மதிப்பு இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் விடிகாலையில் தங்கள் தெருவைப் பார்க்கலாம். மார்கழியில் ஒரு மணி நேரம் குனிந்து போட்ட கோலம் மாலைக்குள் காலடியில் அழிந்துவிடும். அதைப் பார்த்து யாரும் 'விற்கலாமே' என்பதில்லை. நன்றாக இருக்கிறது என்கிறோம், மிதிக்காமல் சுற்றிப் போகிறோம், அவ்வளவுதான். மண்ணுலகத்திலேயே வேண்டுமென்றாலும் பெரியபுராணத்தில் திருநீலகண்டர் இருக்கிறார். தில்லையில் பாண்டம் வனைந்து விற்றுப் பிழைத்த அவர், அடியார்களுக்குத் திருவோட்டைக் காசு வாங்காமல் கொடுத்தார். பிழைப்புக்கு ஒரு பாண்டம், கொடுப்பதற்கு ஒரு பாண்டம் என்ற பாகுபாடு அந்தக் குயவருக்கே தெரிந்திருந்தது.   

விற்காமல் வனைவதன் மிகத் தெளிவான சான்று ஜப்பானில் கிடைக்கிறது. ஹொனாமி கோயெட்சு (1558–1637) பிறந்தது வாள் தீட்டி மெருகேற்றி மதிப்பிடும் குடும்பத்தில். மண் அவருக்குத் தொழிலில்லை. கியோத்தோவில் பரம்பரையாகத் தேநீர்க் கிண்ணம் செய்த ராக்கு குடும்பத்திடம் மண் கேட்டு வாங்கி, கையாலேயே கிண்ணம் பிடித்து, அவர்கள் சூளையிலேயே சுடக் கொடுத்தார். அவருடைய 'ஃபுஜிசான்' கிண்ணத்தை மகளின் திருமணத்துக்குக் கொடுத்ததாகச் சொல்வழக்கு. இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம். ஜப்பானிலேயே செய்யப்பட்டவற்றில் அந்தத் தகுதி பெற்ற தேநீர்க் கிண்ணங்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று பொழுதுபோக்காக வனைந்தவர் கையில் பிறந்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து கவாகிதா ஹாந்தெய்ஷி (1878–1963) வந்தார். ஹியாகுகோ வங்கியின் தலைவர் அவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் சொந்தமாகச் சரிவுச்சூளை கட்டி முழுமூச்சாக இறங்கினார். தன் கிண்ணங்களை விற்காமல் நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர் சூடிக்கொண்ட பெயரைப் பிரித்தால் 'பாதி சேறு' என்று பொருள் வரும்: பாதி சேற்றில் தோய்ந்தும் பாதி தோயாமலும் இருப்பவன். தன்னைக் கத்துக்குட்டி என்றே அவர் சொல்லிக்கொண்டபோதும், 1942-இல் அவரோடு சேர்ந்து ஒரு குழு அமைத்த தொழில்முறைக் குயவர்கள் அரகாவா தொயோசோ, கானெஷிகே தோயோ, மீவா கியூவா ஆகிய மூவரும் பின்னாளில் வாழும் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டார்கள். கெட்டிக்காரத் தொழிலாளிகள் ஒரு வங்கிக்காரரிடம் என்ன கண்டார்கள்? வாடிக்கையாளர் என்ன சொல்வாரோ என்ற நினைப்பே தொடாத கை ஒன்றைக் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். விரிசல் விட்ட கிண்ணத்தைத் தூக்கிப் போடவும் அதை அப்படியே ரசிக்கவும் அவருக்கு மட்டும்தான் வசதி இருந்தது.

வசதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மறுப்பு வரும். அதற்கு முன் இன்னொன்று, அதே ஜப்பானிலிருந்தே. கைவினைச் சிந்தனையாளர் யனகி சோயெட்சு தன் வாழ்நாள் முழுவதும் சொன்னது இதற்கு நேர்மாறானது. பெயர் தெரியாத கைவினைஞர் ஒரு நாளைக்கு நூறு, இருநூறு என்று ஒரே பாண்டத்தைச் செய்து செய்து, 'நான்' என்ற நினைப்பு கழன்ற நிலையில்தான் அழகு பிறக்கிறது என்றார் அவர். கியோத்தோவின் தைத்தோகு கோயில் வளாகத்திலுள்ள கிஸாயெமோன் கிண்ணத்தை அவர் இதற்குச் சான்றாக வைத்தார். கொரியக் குயவர் ஒருவர் சாதாரணப் புழக்கத்துக்கென்று அலட்டிக்கொள்ளாமல் செய்தது என்று அவர் கருதிய அந்தக் கிண்ணமும் தேசியச் செல்வம்தான். யனகியின் அளவுகோலில் ஞாயிற்றுக்கிழமைக் குயவர் தேறவே மாட்டார். அவரிடம் எண்ணிக்கை இல்லை, 'நான்' மட்டும் ஏராளமாக இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. மானாமதுரையில் வாழ்நாளெல்லாம் பானை வனைந்தவரின் கை எட்டும் இடத்தை வாரம் நான்கு மணி நேரம் எட்டாது. ஆனால் கிஸாயெமோனும் ஃபுஜிசானும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று வயிற்றுக்காக இடைவிடாமல் செய்த கையிலிருந்து வந்தது. மற்றது விலையை நினைக்கவே தேவையில்லாத கையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே, தொழிலாளியின் பழக்கமும் இல்லாமல் பொழுதுபோக்காளரின் சுதந்திரமும் இல்லாமல் ஆர்டருக்கு ஓடும் கைதான் பரிதாபமானது. முறையாகக் கற்று முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்களை இதில் சேர்க்கவில்லை. உதாரணமாக, 1911-இல் தோக்கியோவில் ஒரு விருந்துக்குப் போன ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், வந்தவர்களெல்லாம் பாண்டத்தில் வரைந்து அங்கேயே சுட்டெடுத்த வேடிக்கையில் மயங்கி மண்ணுக்கு வந்தவர். ஆனால் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் அவர் பட்டறை போட்டது 1920-இல். ஆறு மாதத்தில் அல்ல.

வேறொரு தரப்பு, சரி, விற்க வேண்டாம், மனநலத்துக்கு நல்லது என்று சொல்லுங்கள் என்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள்: 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப்பேனா, படத்துண்டு ஒட்டுதல் என்று ஏதாவது செய்யவிட்டதில், சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. நல்ல செய்திதான், சிறிய ஆய்வுதான். ஆனால் மண்ணை மருந்துச்சீட்டில் எழுதுவதும் விலைச்சீட்டு ஒட்டுவதும் எனக்கு ஒரே குணமாகத்தான் படுகின்றன. இரண்டும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சாக்குக் கேட்கின்றன. தவிர, சக்கரத்தின் முன் உட்காருபவர் எல்லா நாளும் நிம்மதியோடு எழுவதில்லை. மூன்று வாரம் காத்திருந்த கோப்பை சூளைக்குள் பக்கத்துக் கிண்ணத்தோடு கிளேஸ் உருகி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் நாளில் கார்ட்டிசால் எங்கே நிற்கும் என்று யாராவது அளந்தால் தெரியும்.

எனக்கு உண்மையாகவே கனமாகப் படும் மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. பல பெண்களுக்கு 'விற்கிறேன்' என்று சொன்னால்தான் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. காசு வராத மண்வேலை வீட்டில் 'வெட்டிவேலை'. மாதம் இரண்டாயிரம் வந்தால் 'பிசினஸ்', சமையலறையிலிருந்து விடுப்பு எடுக்கும் உரிமை. அந்த நிலையில் இருப்பவரிடம் போய் விற்காதே என்று உபதேசிப்பது திமிர். வருமானம் தேவைப்படுகிறவர் விற்கட்டும். நன்றாகக் கற்றுக்கொண்டு, உணவு படும் பாண்டத்தின் கிளேஸிலிருந்து ஈயமோ வேறு உலோகமோ கசியாது என்று பரிசோதித்து, தன் கூலியையும் சேர்த்து விலை வைத்து விற்கட்டும். நான் கேட்பது சுற்றியிருப்பவர்களை. கணவர் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பதற்கு யாரும் வரவுசெலவுக் கணக்குக் கேட்பதில்லை. மனைவியின் களிமண்ணுக்கு மட்டும் ஏன் லாபக்கணக்கு? 'விற்கலாமே' என்ற பாராட்டு இந்த ஏற்பாட்டை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வாடகை கட்டும் வழியை மட்டும் சொல்லிக்கொடுக்கிறது.

இனி அந்த வசதிக் கேள்வி. நூற்றாண்டுகளாக மண் மிதித்தவரை வேளார், குலாலர், உடையார் என்று சாதிக்குள் வைத்துவிட்டு, அவர் செய்த பானையைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, இப்போது மேல்தட்டுக்காரர் அதே மண்ணைத் தொட்டதும் 'செராமிக் ஆர்ட்டிஸ்ட்' ஆகிறார் என்பது குற்றச்சாட்டு. இது உண்மை, மழுப்ப விரும்பவில்லை. மழைக்காலத்தில் வேலையின்றி அரசின் உதவித்தொகையை எதிர்பார்ப்பவரும், குளிரூட்டிய அறையில் மின்சாரச் சக்கரம் சுற்றுபவரும் ஒரே மண்ணில்தான் கை வைக்கிறார்கள், ஒரே உலகத்தில் இல்லை. இவர்கள் இருவரின் வழிகளும் தனித்தனியாகவே வந்திருக்கின்றன. நகரப் பயிலகங்களில் சொல்லிக்கொடுக்கப்படும் ஸ்டோன்வேர் மரபுக்குப் பெரிய ஊற்று, ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை. அங்கே கற்றவர்கள் நாடெங்கும் பட்டறை போட்டார்கள். உயர்ந்த வேலை அது. ஆனால் உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டிப் பானையின் அடியை மூடும் நம் குயவரின் வித்தை அந்தப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் இல்லை. ஐயனார் கோயில் புரவியை ஆளுயரத்துக்குப் பகுதி பகுதியாக எழுப்பும் வேளாரை எந்த வார இறுதி வகுப்பும் ஆசிரியராக அழைத்ததாகப் பரவலாகக் கேள்விப்படுவதில்லை.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விற்கும் பொழுதுபோக்காளர், கூலியை நம்பி வாழ்பவரின் சந்தையில் போய் விலையைக் கீழே இழுக்கிறார். சம்பளம் வேறிடத்திலிருந்து வருபவருக்கு அகல் விளக்கை எந்த விலைக்கும் தள்ளிவிட முடியும்; கார்த்திகைக்குள் விற்றாக வேண்டியவருக்கு முடியாது. விற்காமல் இருந்தால் பொழுதுபோக்காளர் போட்டியாளராக இல்லாமல், வாங்குபவராகிறார், அதுவும் விவரம் தெரிந்து வாங்குபவராக. ஐம்பது அகலையும் ஒரே அளவில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கையின் அருமை, ஒரு அகலுக்குப் பத்து நிமிடம் திண்டாடியவருக்குத் தெரியும். எல்லோரும் அதனால் பேரத்தை விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தும் பேரம் பேசுகிறவர்களும் இருப்பார்கள்.

கோயெட்சு ராக்கு குடும்பத்திடம் போனதுபோல இங்கும் போகலாம். மண் அவர்களிடம் வாங்கலாம். ஏரி, குளங்களில் களிமண் எடுக்க வட்டாட்சியரே இலவச அனுமதி தரும் முறையை அரசு 2024-இல் கொண்டுவந்த பிறகு நல்ல மண் கைவசமுள்ள குயவர்கள் அதற்கு ஒரு விலை சொல்லலாம். மின்சூளையே வேண்டுமென்றில்லாத மண்கலங்களை அவர்கள் சூளையில் இடம் கேட்டு, காசு கொடுத்துச் சுடலாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. குறியீடு பாண்டத்துக்குக் கிடைத்தது, அதைத் தட்டி எழுப்பும் வித்தையைக் கற்றுக்கொள்ள வெளியூரிலிருந்து யாரும் வரிசையில் நிற்கவில்லை. நகரப் பயிலகம் ஒன்று ஒரு வேளாரை அழைத்து, வார இறுதி ஆசிரியருக்குத் தரும் அதே சம்பளத்தையும், பெயர்ப்பலகையில் அதே அளவு எழுத்தையும் கொடுத்துப் பார்க்கட்டும். ஐப்பசி அடைமழையில் அவர் முற்றத்தில் பானை காயாது, சூளை எரியாது. பயிலகத்துக்குக் கூரை இருக்கிறது, மாணவர்களுக்கும் அப்போது அறுத்து வாளிக்குள் போடுவதற்குத்தான் பாண்டம் தேவை.